குட் மார்னிங் சொல்லாதவருக்கு இரண்டே கால்

வெர்லின் கட்ஜோ சீட்டுப் பணத்தைத் தின்றுவிட்டாளாம். அதை ஈடுகட்ட, கல்யாணத்துக்கு வந்திருந்த அமெரிக்கர்களிடம் படகுத்துறையில் எண்ணெய்ச் சட்டியை நீட்டிப் பிச்சை எடுத்தாளாம். ஆல்பனின் ரம் கடையிலிருந்து இந்தக் கதை புறப்பட்டபோது சட்டி சட்டியாகத்தான் இருந்தது. மேட்டுத் தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் கோயில் காணிக்கைத் தட்டாகிவிட்டது. வடக்குக் கரையில் அவள் முழங்காலில் நின்று கெஞ்சியதைக் கண்ணால் பார்த்தவர்களே இருக்கிறார்கள். வடக்குக் கரையிலிருந்து படகுத்துறை தெரியாது, நடுவில் ஒரு மலை இருக்கிறது. அதனாலென்ன, பார்த்திருக்கிறார்கள்.

நடந்தது எனக்குத் தெரியும். கப்பல் வந்தால் கயிற்றைப் பிடித்துக் கட்டுவதும், போனால் அவிழ்த்து விடுவதும் என் வேலை. மிச்சப் பொழுதெல்லாம் துறையோரத்து வாதாம் மரத்தடியில் உட்கார்ந்து ஊரைப் பார்ப்பதுதான். வெர்லினின் அடுப்பும் அதே மரத்தடியில் இருக்கிறது. அதனால் ஆல்பன் சொல்வதைக் கேட்காதீர்கள். அவன் ரம்மிலேயே தண்ணீர் கலப்பவன், கதையில் என்ன கலக்க மாட்டான்?

முதலில் வெர்லின் யாரென்று சொல்லிவிடுகிறேன். அவள் அப்பன், படகு கட்டுகிறேன் என்று தொடங்கி ஆயுசு முழுக்க ஒரே படகைக் கட்டிக்கொண்டிருந்தவன். அது கடலைப் பார்க்கவே இல்லை, கோழிகள் குடியேறின. புருஷன் அரூபாவுக்கு எண்ணெய் ஆலை வேலைக்குப் போனான். முதல் வருஷம் மணியார்டர் வந்தது. அடுத்த வருஷம் ஒரு போட்டோ வந்தது. போட்டோவில் அவன் பக்கத்தில் இன்னொருத்தி நின்றாள். வெர்லின் அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள் என்று பெண்கள் பெருமையாகச் சொல்வார்கள். பொய். அவள் எதையும் வீணாக்குகிறவள் அல்ல. போட்டோவின் பின்பக்கத்தில் மீன் இவ்வளவு, ரொட்டி இவ்வளவு என்று விலை எழுதி மரத்தில் ஆணியடித்தாள். இன்றைக்கும் அந்த ஆள் மரத்தைப் பார்த்தபடி முகம் திருப்பித்தான் தொங்குகிறான்.

எங்கள் தீவில் பேங்க் கிடையாது. பணம் எடுக்கிற மெஷின் ஒன்று வைத்தார்கள். வைத்தவர்கள் அதில் பணம் வைக்க மறந்துவிட்டார்கள். சாப்பாட்டுக் கடைகளில் கார்டு தேய்க்கும் பெட்டி உண்டு. மழை வந்தால் அதற்கு லைன் கிடைக்காது. வெயில் வந்தால் கரண்டு இருக்காது. இரண்டும் இல்லாத நாளில் கடைக்காரன் இருக்க மாட்டான். ஆனால் வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. விடுதிக்கும் விமானத்துக்கும் வீட்டிலிருந்தபடியே பணம் கட்டிவிட்டு, இங்கே வந்து ஒரு இளநீருக்குக் காசில்லாமல் நிற்பார்கள். நூறு டாலர் அமெரிக்க நோட்டை மூன்று டாலர் இளநீருக்கு நீட்டி, மிச்சம் எங்கே என்று நம்மைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

அவர்களுக்கெல்லாம் வெர்லின்தான் பேங்க். எங்கள் பணம் ஈ.சி. டாலர், அதாவது கிழக்குக் கரீபியன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்குப் பெரிய தீவின் பேங்க்கில் இரண்டு எழுபது கொடுப்பார்கள். வெர்லின் இரண்டு அறுபது கொடுப்பாள். வியாழக்கிழமை கப்பலில் போய் பேங்க்கில் கொடுத்து, நடுவில் இருக்கிற பத்து காசைப் பார்த்துவிடுவாள். ஆனால் இரண்டு அறுபது எல்லோருக்கும் கிடையாது. குட் மார்னிங் சொன்னவருக்குத்தான். சொல்லாதவருக்கு இரண்டே கால். இதை அவள் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் அதைப் படித்துவிட்டுச் சொல்வார்கள், அதற்கு மதிப்பில்லை என்பாள்.

எங்கள் ஊரில் கடைக்குள் கால் வைத்தால் முதலில் குட் மார்னிங். வரிசையில் நிற்பவன், தூங்குகிறவன், கடன்காரன், எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. எல்லோரும் பதில் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் உப்பு, புளி, சண்டை எல்லாம். சொல்லாமல் விலை கேட்கிறவன் எங்கள் கண்ணுக்கு மனிதனாகத் தெரிவதில்லை. சத்தம் போடும் சாமானாகத்தான் தெரிவான்.

அந்தத் திங்கட்கிழமை கப்பலில் கல்யாணக் கூட்டம் இறங்கியது. முப்பது பேர் இருப்பார்கள். கடற்கரையில் கல்யாணம் செய்துகொள்ள அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார்கள். அங்கே கடற்கரைக்குப் பஞ்சமா என்று நான் கேட்கவில்லை. பெண்ணின் அப்பன் கெம்ப் என்று ஒருவன். வெந்த நண்டு மாதிரி நிறம், தலையில் பெரிய வைக்கோல் தொப்பி. நேராக அடுப்புக்கு வந்தான்.

"இந்த ரொட்டி எவ்வளவு?"

வெர்லின் எண்ணெயில் மீனைத் திருப்பிப் போட்டாள்.

"ஹலோ? லேடி? ரொட்டி எவ்வளவுன்னு கேட்டேன்."

வெர்லின் என் பக்கம் திரும்பினாள். "ஆஸ்மண்ட், காத்து பலமா அடிக்குதில்ல?"

"ஆமா மிஸ் வெர்லின். சத்தம்கூட வருது."

அப்போது மில்டா வந்தாள். போன புயலில் கூரை பறந்துபோய், இத்தனை மாதமாக நீலத் தார்பாய்க்குக் கீழே குடியிருப்பவள். மழை பெய்தால் அவள் வீட்டில் பாத்திரம் பண்டமெல்லாம் தண்ணீர் பிடிக்கத்தான். "குட் மார்னிங் வெர்லின், குட் மார்னிங் ஆஸ்மண்ட், குட் மார்னிங் சார்" என்று அந்தத் தொப்பிக்கும் சேர்த்துச் சொன்னாள். தொப்பி அசையவில்லை.

"சனிக்கிழமை கப்பல்ல தகரம் வருது" என்றாள் மில்டா. "முழுப் பணத்தையும் கையில வச்சாத்தான் இறக்குவானாம். இல்லன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவானாம். இந்தத் தடவ சீட்டு எனக்குத்தானே?"

"உனக்குத்தான். பணம் டின்னுல இருக்கு. நீ போய் ஆணி வாங்கி வை" என்றாள் வெர்லின்.

சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதின்மூன்று பேர், ஆளுக்கு நானூறு ஈ.சி. பிடிப்பவள் வெர்லின். மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒருவர் கையில் மொத்தமாக வைப்பாள். ஐயாயிரத்து இருநூறு. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஒரு சனிக்கிழமை தள்ளிப் போனதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. ஆனால் பாதிரியாரிடம் கொடுக்கத் தயங்குகிற பணத்தை அவளிடம் எண்ணாமல் கொடுப்பார்கள்.

கெம்ப் அட்டையை எடுத்து ஆட்டினான். "கார்டு எடுப்பீங்களா?"

"எடுப்பேனே" என்றாள் வெர்லின். முதல் வார்த்தை அதுதான். யாரோ எப்போதோ விட்டுப்போன பழைய கார்டு ஒன்றை இடுப்புத் துணியிலிருந்து உருவி, அதைக் கொண்டு மீனின் செதிலைச் சுரண்டிக் காட்டினாள். "இதுக்குத்தான் நல்லா இருக்கு. உங்களோடதையும் குடுங்க, இது மழுங்கிப் போச்சு."

கடைசியில் அவன் அமெரிக்க நோட்டை எடுத்தான். அவனுக்கும் அவன் பின்னால் வந்த கூட்டத்துக்கும் இரண்டே கால் கணக்கில் மாற்றிக் கொடுத்தாள். ஒருவர்கூட வாயைத் திறந்து ஒரு குட் மார்னிங் சொல்லவில்லை. "தீவுல கார்டு ஓடாது, கைப்பணம் நிறைய வச்சுக்கோங்க" என்று எந்த மேதாவியோ சொல்லியிருக்கிறான் போல. பெரிய தீவிலேயே கட்டுக்கட்டாக எடுத்தது போதாதென்று இவளிடமும் வாங்கிக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்க அவர்களுக்கும் அவளுக்கும் இதே கூத்துதான். அவர்கள் கேட்பார்கள், அவள் காற்றைப் பற்றிப் பேசுவாள். "அந்தத் திமிர் பிடிச்ச பொம்பளை" என்று அவர்கள் அவளுக்குப் பெயர் வைத்தார்கள். அவள் அவர்களுக்குப் பெயரே வைக்கவில்லை.

இனி இன்னொரு ஆசாமி. ட்வைட். அழுக்குப் பாய்மரப் படகில் தனியாக வந்து, விரிகுடாவில் நங்கூரம் போட்டிருந்தான். தாடி, ஓட்டைச் சட்டை. ஆனால் வாயைத் திறந்தால் தேன். "குட் மார்னிங் மிஸ் வெர்லின். குட் மார்னிங் மிஸ்டர் ஆஸ்மண்ட்." ஆட்டுக்குக்கூடச் சொன்னான், நான் பார்த்தேன். வந்த மூன்றாம் நாளே அவனுக்கு ஊரில் எல்லோர் பெயரும் தெரியும். வெர்லினுக்கு எந்த முழங்கால் வலிக்கும் என்பதும் தெரியும்.

"முழங்கால் எப்படி இருக்கு மிஸ் வெர்லின்? நேத்து ராத்திரி மழையில நினைச்சுக்கிட்டேன்."

"எங்க சார், என் புருஷன்கூட இதைக் கேட்டதில்ல" என்று அவள் வெட்கப்பட்டாள். வெர்லின் வெட்கப்பட்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை. பார்க்க நன்றாகவும் இல்லை.

அவன் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "பாத்தியா? வெள்ளைக்காரன்லயும் மனுஷன் இருக்கான். வளர்த்த விதம்."

"படகு பேரை ரெண்டு தடவ அழிச்சு எழுதியிருக்கான் மிஸ் வெர்லின்."

"உன் சட்டையில நாலு ஒட்டு இருக்கு. உன்னை நான் சந்தேகப்பட்டேனா?"

புதன்கிழமை அவன் ஒரு கட்டு நோட்டோடு வந்தான். நூறு டாலர் அமெரிக்க நோட்டு இருபது. அடுத்த தீவில் படகு பழுது பார்க்கிறவன் ஈ.சி. மட்டும்தான் வாங்குவானாம், உடனே வேண்டுமாம். "உங்களைத் தொந்தரவு பண்ண மனசில்ல. ஆனா இந்த ஊர்ல உங்களை விட்டா நான் நம்பறதுக்கு யாரு?" என்றான்.

வெர்லினின் சொந்தப் பணம் அவ்வளவு கிடையாது. ஆனால் பிஸ்கட் டின்னில் சீட்டுப் பணம் இருந்தது. இருபது நோட்டுக்கு இரண்டு அறுபது கணக்கில் சரியாக ஐயாயிரத்து இருநூறு. மறுநாள் வியாழன். பேங்க்கில் கொடுத்தால் ஐயாயிரத்து நானூறாகத் திரும்பும். ஒரே நாளில் இருநூறு. சீட்டு சீட்டாகவே இருக்கும், நடுவில் யாருக்கு என்ன நஷ்டம்? அந்த நேரத்தில் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன். ஆனால் நான் நோட்டை விரித்துப் பார்த்திருப்பேன்.

அவள் பார்க்கவில்லை. மற்றவர்கள் கொடுக்கும் ஒற்றை நோட்டையே வெயிலில் பிடித்து, தடவி, முகர்ந்து பார்ப்பவள், ரப்பர் பேண்டு போட்ட கட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் விசிறி எண்ணிவிட்டு டின்னில் போட்டாள். முழங்காலைப் பற்றி விசாரித்தவன் முன்னால் நோட்டைச் சோதிப்பது அவமரியாதை. ஆளை எடை போடுவதற்கு எங்களிடம் இருப்பது அந்த ஒரே ஒரு தராசுதான். குட் மார்னிங்கை வைத்துத்தான் எடை போடுவோம். அவன் அந்தத் தராசைத்தான் படித்துக்கொண்டு வந்திருந்தான். விடிவதற்குள் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை எனக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்ததால் நானும் அதே கப்பலில் பெரிய தீவுக்குப் போனேன். பல்லைக் கொடுத்துவிட்டு, ஏசிக்காக பேங்க்கில் போய் உட்கார்ந்தேன். வெர்லின் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"குட் மார்னிங் டாண்டி" என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண். எங்கள் பக்கத்தில் வயதான பெண்களையெல்லாம் டாண்டி, அதாவது அத்தை என்றுதான் கூப்பிடுவோம். கட்டைப் பிரித்தாள். முதல் நோட்டில் நடுவில் கிழிசல், அதன் மேல் செலோ டேப். இரண்டாவதில் மூலை இல்லை. மூன்றாவது கடல் தண்ணீரில் ஊறிக் காய்ந்து, யாரோ வாயில் போட்டு மென்றது போலிருந்தது. எல்லாச் சேதமும் ரப்பர் பேண்டுக்கு அடியிலும் மறு ஓரத்திலும். அவள் விசிறிப் பார்த்த ஓரம் மட்டும் நன்றாக இருந்தது.

"இதை நாங்க எடுக்க மாட்டோம் டாண்டி. கிழிஞ்ச அமெரிக்க நோட்டு எடுக்கக் கூடாதுன்னு ஆர்டர்."

"கள்ள நோட்டா?"

"இல்ல, நல்ல நோட்டுதான். கிழிஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"நல்ல நோட்டுன்னு நீயே சொல்ற. அப்புறம் என்னடி?"

"அமெரிக்காவுல குடுத்தா எந்தக் கடையிலயும் வாங்குவான். இங்க எந்த பேங்க்கும் எடுக்காது. நாங்க அங்க அனுப்பி மாத்தித் தரணும்னா மூணு மாசம் ஆகும்."

"உங்கம்மா ரோவினா பிரசவத்துக்குப் போறப்ப நான்தான் படகு பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். தெரியுமா உனக்கு?"

"தெரியும் டாண்டி. அம்மா அடிக்கடி சொல்லுவாங்க."

"அப்ப எடு."

"எடுக்க முடியாது டாண்டி."

அந்தப் பெண்ணின் மரியாதையில் ஒரு குறையும் இல்லை. மரியாதையாகவே இருபது நோட்டையும் அடுக்கி, அதே ரப்பர் பேண்டைப் போட்டு, தள்ளிவிட்டாள். வெர்லின் என்னைப் பார்த்தாள். எனக்கு வாயில் பஞ்சு. இல்லாவிட்டால் ஏதாவது சொல்லியிருப்பேன். பஞ்சைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் ஏற்பட்டிருக்க வேண்டும்.

திரும்பும் கப்பலில் மாலுமி ஒருவன் சொன்னான். அந்த ட்வைட் இதே கட்டை இதற்கு முன் மூன்று தீவுகளில் நீட்டியிருக்கிறான். எல்லோரும் பிரித்துப் பார்த்துத் துரத்தியிருக்கிறார்கள். மாலுமி எங்களிடம் யாருக்கோ நடந்த தமாஷாகத்தான் அதைச் சொன்னான். "எந்த மடையன் தலையில கட்டினானோ" என்று சிரித்தான். வெர்லின் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி வழியில் என் விலாவில் இடித்தாள். "ஆஸ்மண்ட். அந்தக் கல்யாணக் கும்பல் என்னிக்குப் போகுது?"

நான் வாயில் பஞ்சோடு சைகை காட்டினேன். நாளைக்கு, மத்தியானக் கப்பல்.

"அமெரிக்காவுக்குத்தானே போவானுங்க?"

தலையாட்டினேன். அப்போதுதான் அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அங்கே செல்லுமென்றால், அங்கே போகிறவன் கையில் கொடுத்தால் போதும். அவர்களிடம் செலவழியாத ஈ.சி. கட்டுக்கட்டாக இருக்கிறது. விமானம் ஏறினால் அந்த ஈ.சி. வெறும் காகிதம். இந்தக் கிழிசலோ எங்களுக்குக் காகிதம், அவர்களுக்குப் பணம். கணக்கு சரிதான். ஒரே ஒரு கஷ்டம். அந்தக் கூட்டத்திடம் இவள் போய்ப் பேச வேண்டும். வாரம் முழுக்கக் காற்றென்று ஒதுக்கியவர்களிடம், இவளாக, முதலில்.

வெள்ளிக்கிழமை காலை அவள் அடுப்பு மூட்டவில்லை. சட்டி கவிழ்ந்திருந்தால் எடுத்து நேராக வைத்தாள், நேராக இருந்தால் கவிழ்த்தாள். மில்டா வந்து ஆணி வாங்கிவிட்டதாகச் சொன்னாள். தச்சனுக்கும் சொல்லிவிட்டாளாம். "நல்லது" என்றாள் வெர்லின். மில்டா போனதும் அவள் முகம் போன போக்கை நான் இங்கே எழுத மாட்டேன், என்ன இருந்தாலும் பழகிய மனுஷி.

பதினோரு மணிக்குப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு கூட்டம் வந்தது. தோல் உரிந்து, கல்யாணம் முடிந்து, எல்லோர் முகத்திலும் வீட்டு நினைப்பு. மரத்தடிப் பக்கம் திரும்பாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். வெர்லின் எழுந்தாள். நடுத்துறையில் போய் நின்றாள். கையில் எண்ணெய்ச் சட்டி, அதற்குள் கட்டு. ஏன் சட்டி என்றால், காற்று உண்மையிலேயே பலமாக அடித்தது. நோட்டு பறந்துவிடக் கூடாது.

கெம்ப் பக்கத்தில் வந்தான். அவள் வாயைத் திறந்தாள். இருமினாள். அவன் இரண்டடி தள்ளி நடந்தான். மறுபடி இருமினாள். பிறகு, மீன் முள்ளை விழுங்குகிறவள் மாதிரி கழுத்தை நீட்டி, "குட் மார்னிங்" என்றாள்.

துறையில் இருந்த எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தோம். ஆல்பன் கடை வாசலுக்கே வந்துவிட்டான். கதையை முழுதாகக் கேட்கும் தூரத்தில் அவன் இல்லை. அந்த ஒரு சொல்லையும் சட்டியையும் மட்டும் பார்த்தான். மிச்சம் அவன் சொந்தச் சரக்கு.

கெம்ப் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். "என்கிட்டயா?"

"உங்ககிட்டதான். எங்க ஊர்ப் பணம் மிச்சம் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"அதை அங்க கொண்டுபோய் என்ன பண்ணப் போறீங்க? செவுத்துல ஒட்டவா?"

"ஏர்போர்ட்ல மாத்திக்குவேன்."

"ஏர்போர்ட்ல எவன் இருக்கான் மாத்த? ஒரு நாய் படுத்திருக்கும், அதுகிட்ட கேளுங்க." சட்டியைக் காட்டினாள். "உங்க நோட்டே இருக்கு. கிழிசல்தான். உங்க ஊர்ல செல்லும்."

அவன் ஒன்றை எடுத்துப் பார்த்தான். டேப்பை நகத்தால் சுரண்டினான். அவன் சிரித்துவிட்டான். "இதுக்கென்ன? இதைவிட மோசமானதை நான் பெட்ரோல் பங்க்ல குடுத்திருக்கேன். என்ன ரேட்டு?"

"இருநூத்தி எழுபது குடுத்து ஒரு நூறு எடுத்துக்கோங்க."

"ஓஹோ." தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினான். "திங்கட்கிழமை என் நூறுக்கு நீ இருநூத்தி இருபத்தஞ்சுதான் குடுத்தே. அதே ரேட்டுக்குத் திருப்பிக் குடு."

அப்படிக் கொடுத்தால் நோட்டுக்கு முப்பத்தைந்து குறையும். இருபது நோட்டுக்கு எழுநூறு. சனிக்கிழமை மில்டா கையில் எழுநூறு குறைந்தால் தகரம் இறங்காது. வெர்லின் அசையவில்லை.

"திங்கட்கிழமை நீங்க குட் மார்னிங் சொல்லல."

"என்னது?"

"சொல்லாம ரொட்டி எவ்வளவுன்னு கேட்டீங்க. செவ்வாய்க்கிழமை சொல்லாம தண்ணி எவ்வளவுன்னு கேட்டீங்க. வாரம் பூரா சொல்லல. சொன்னா ஒரு விலை, சொல்லாட்டி ஒரு விலை. எங்க ஊர்ல மனுஷனுக்கு வேற, சாமானுக்கு வேற."

கெம்ப்புக்குக் காது வரை சிவந்தது, ஏற்கெனவே சிவப்பென்றாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. அவன் பெண்டாட்டி பின்னாலிருந்து, "நான் அப்பவே சொன்னேன், ஏதோ தப்பு பண்றோம்னு" என்றாள். "நீ எப்ப சொன்னே?" "ஹோட்டல்ல சொன்னேன்." "நீ சாப்பாடு சரியில்லன்னு சொன்னே." கப்பல் முதல் சங்கு ஊதியது. நான் கயிற்றுக்குப் போக வேண்டும். போனேன். ஆனால் என் கைக்கு அன்றைக்கு என்னவோ ஆகிவிட்டது, முடிச்சு அவிழவே இல்லை. கேப்டன் மேலேயிருந்து திட்டினார். "பல் வலி கேப்டன்" என்றேன்.

கெம்ப் தொப்பியைக் கழற்றினான். துறை முழுக்கப் பார்த்து, கத்தாத குறையாக, "குட் மார்னிங்!" என்றான்.

எங்களால் என்ன செய்ய முடியும்? ரத்தத்தில் ஊறியது. மீன்காரன், கூடைக்காரி, நான், கேப்டன் உட்பட எல்லோரும், "குட் மார்னிங்" என்றோம்.

"உங்களுக்கு இருநூத்தி அறுபது" என்றாள் வெர்லின்.

அவன் நான்கு நோட்டு எடுத்தான். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். இருநூற்று எழுபதை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஆளுக்கொன்று, இரண்டு என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன்கூட கெம்ப் ஏன் தொப்பியைக் கழற்றினான் என்று யோசிக்கவில்லை. கிழவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். எங்கள் பேங்க் துப்பிய நோட்டை, டேப் ஒட்டிய பக்கத்தைக்கூடப் பார்க்காமல் பர்ஸில் செருகினார்கள். புதுப் பெண் கடைசி நோட்டை எடுத்தபோது என் முடிச்சு தானாக அவிழ்ந்தது. கப்பல் போனது. போகும்போது யாரும் கையாட்டவில்லை, வெர்லினும் ஆட்டவில்லை. ஒருவருக்கொருவர் சரியாகத்தான் இருந்தார்கள்.

சனிக்கிழமை மில்டா கையில் ஐயாயிரத்து இருநூறு இருந்தது. தகரம் இறங்கியது. தச்சன் குடித்துவிட்டு வந்து ஒரு தகரத்தைத் தலைகீழாக அடித்தான், அது வேறு கதை.

இதையெல்லாம் நேற்று ரம் கடையில், ஆல்பன் முகத்துக்கு நேராக, நான் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிச்சை என்பது பொய், பாவம், அவள் இக்கட்டில் மாட்டி மானத்தை விட்டுக் கேட்டாள், அவ்வளவுதான் என்று முடித்தேன். கடையே உச்சுக் கொட்டியது. ஆல்பன்கூட. அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது.

"குட் ஈவினிங்" என்றாள் வெர்லின்.

"குட் ஈவினிங்" என்றோம் எல்லோரும்.

"எவன்டா அவன் பாவம்ங்கறவன்? ஆல்பன் பிச்சைங்கறான், நீ மானம் போச்சுங்கற. ரெண்டு பேருக்கும் கணக்கு தெரியல. நாலு நோட்டு வாங்கின விலைக்கே போச்சு. பதினாறு நோட்டுக்குப் பத்துப் பத்து டாலர் மேல வச்சு வித்தேன். கிழிசலுக்கு, டேய், கிழிசலுக்கு! நூத்தி அறுபது டாலர் லாபம். பிச்சை எடுத்தவளாம்! அவனுங்க எல்லாரும் குட் மார்னிங் சொல்லித் தொலைச்சிருந்தாத்தான் எனக்கு நஷ்டம்."